ஐரோப்பிய பதிப்புரிமை உத்தரவு, பிரிவு 17: சிறு தளத்துக்கும் பொருந்துமா?

வணக்கம். இசை பழகுபவர்கள் தாங்கள் வாசித்ததைப் பதிவேற்றும் ஒரு சிறு தளத்தை நடத்துகிறேன். தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மாதம் சில ஆயிரம் பேர் வருகிறார்கள், அதில் பாதி ஐரோப்பாவிலிருந்து. சர்வர் செலவுக்கு விளம்பரம் போட்டிருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமை உத்தரவில் வரும் பிரிவு 17 எனக்குப் பொருந்துமா என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பயனர்கள் பதிவேற்றும் பிறரது படைப்புகளுக்கு உரிமம் பெறவோ, அவற்றைத் தடுக்கவோ தளம் தன்னால் இயன்றவரை முயலாவிட்டால் தளமே பொறுப்பு என்று சொல்லும் பிரிவு அது.

உத்தரவைப் படித்தாயிற்று. மூன்று ஆண்டு நிறையாத, ஆண்டு வருமானம் 1 கோடி யூரோவுக்குக் கீழுள்ள சேவைகளுக்குச் சலுகை உண்டு. வருமானம் சரி, வயதுதான் தாண்டிவிட்டது. லாபநோக்கமற்ற கலைக்களஞ்சியங்களுக்கு விலக்கு இருக்கிறது. அதுவும் எனக்கு உதவாது.

புகார் வந்தால் நீக்கும் முறை ஏற்கெனவே உண்டு. அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று பிறரது படைப்புகளைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஒரு தானியங்கி வடிகட்டியையும் (மென்பொருள்) சோதித்துப் பார்த்தேன். ஒரு மாணவர் பியானோவில் தானே வாசித்த பாக் இசையை, ஏதோ ஒரு நிறுவனத்தின் ஒலிப்பதிவு என்று சொல்லித் தடுத்துவிட்டது. இசையமைப்பாளர் பாக் இறந்தது 1750இல், அவர் இசைக்குப் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது! விமர்சனத்துக்காகச் சில நொடி மேற்கோள் காட்டிய பதிவும் போச்சு. மேற்கோள், விமர்சனம், பகடி எல்லாவற்றுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. மென்பொருளுக்கு அது எங்கே தெரியும்?

பயனர்கள் ஏற்றிய படைப்புகளைப் 'பெருமளவில்' சேமித்து, லாபத்துக்காக ஒழுங்குபடுத்தித் தரும் சேவை என்பதே வரையறை. எத்தனை என்ற எண் அதில் இல்லை. விசாரித்த வழக்கறிஞரும் பிடிகொடுக்கவில்லை.

இந்த அளவில் விளம்பரத்தோடு தளம் நடத்துபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உங்கள் தளம் அந்த வரையறைக்குள் வருகிறதா, எதை வைத்து முடிவு செய்தீர்கள்?