ஆறு வாரச் சிறப்புத் தவணையில் புள்ளியியல்: எப்படிப் படிப்பது?

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன் நான். 13 வாரப் பாடத்தைச் சிறப்புத் தவணையில் ஆறே வாரங்களில் முடிக்க வேண்டும். மாலையில் பகுதிநேர வேலையும் இருக்கிறது. முதல் வாரத்திலேயே விரிவுரைகள் சேர்ந்துவிட்டன. அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
தம்பி, நான்கு அலகுப் (கிரெடிட்) பாடம் என்றால் மொத்தம் 130 மணி நேர உழைப்பு. அதை ஆறால் வகுத்தால் வாரத்திற்கு ஏறத்தாழ 22 மணி நேரம் வருகிறது. ஆகவே வேலை நேரத்தைக் குறைக்க முடியுமா என்று இன்றே கேளுங்கள். நான் ஒருமுறை மூன்று விரிவுரைகளைத் தள்ளிப்போட்டு, இடைத்தேர்வுக்கு முந்தைய இரவு சேர்த்துப் பார்த்தேன். நிகழ்தகவில் ஒரு வினாவைக்கூட முழுமையாக முடிக்க முடியவில்லை.

மறுமொழி 2:
திரும்பத் திரும்ப வாசிப்பதை மட்டும் நம்பாதீர்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசிப்பு செய்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. நான் எம்ஆர்டி ரயிலில் இடம் கிடைத்ததும் குறிப்பேட்டை மூடிவிட்டு, முந்தைய நாள் நிரூபணத்தை வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்பேன். எந்த வரியில் பேனா நிற்கிறதோ, அந்த வரியைத்தான் அன்றைய பயிற்சி வகுப்பில் கேட்பேன். கூச்சப்படாமல் கேளுங்கள், ஆறு வாரத்தில் ஓர் ஐயத்தை அடுத்த வாரத்திற்கு ஒத்திவைக்க இடமே இல்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வேலையை வார இறுதிக்கு மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். நாளைக் காலை ரயிலிலேயே வெற்றுத்தாளுடன் தொடங்குகிறேன்.