கடல்நீர்த் தொட்டிக்குக் கண்ணாடி மூடி தேவையா? மும்பை உறுப்பினர்களின் அனுபவங்கள்

மாட்டுங்கா உறுப்பினர்:

எங்கள் தொட்டியில் ஃபயர்ஃபிஷ் ஒன்று இருந்தது. விளக்கு அணைந்த பிறகு எப்போதோ துள்ளி வெளியே விழுந்திருக்கிறது. காலையில் தொட்டிக்குப் பின்னால் சுவரோரமாகக் காய்ந்து கிடந்தது. மிரண்டால் நீரைவிட்டே துள்ளிவிடுவது அந்த மீனின் இயல்பு. ராஸ், கோபி வகை மீன்களும் அப்படித்தான். ஆகவே மூடியே இல்லாமல் வைக்கலாம் என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன். அந்த மூடி கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

செம்பூர் உறுப்பினர்:

மூடி வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பவளங்கள் வளர்ப்பவர்களுக்கு, அதிலும் மும்பையில், கண்ணாடி மூடி பொருந்தாது என்பது என் அனுபவம்.

முதல் காரணம் வெப்பம். ஏப்ரல் பிற்பகல் ஒன்றில் தண்ணீர் 29 டிகிரியைத் தாண்டியபோது, தொட்டியோடு வந்த கண்ணாடிகளை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின்மேல் காற்று படும்படி ஒரு சிறிய மின்விசிறியைப் பொருத்தினோம்; இரவுக்குள் சுமார் இரண்டு டிகிரி இறங்கிவிட்டது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அது முழுவதும் தொட்டி நீரிலிருந்தே போவதாகக் கொண்டால், 100 லிட்டர் நீரை ஐந்து டிகிரிக்கு மேல் குளிர்விக்க அது போதும். கண்ணாடி அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரமாக இருப்பதால் மின்விசிறியின் பலன் குறையும் என்பதும் உண்மை. அப்போது சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) அல்லது ஏ.சி. இல்லாமல் சமாளிப்பது கடினம்.

இரண்டாவது காற்று. 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனை நன்னீர் தாங்கும். கடல்நீர் தாங்குவது சுமார் 6.7 மில்லிகிராம்தான். வெப்பம் ஏற ஏற அதுவும் குறைகிறது. ஏ.சி. போட்டு ஜன்னல்களை மூடிய அறையில் நாங்கள் விடும் மூச்சின் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து, விடியற்காலையில் அதன் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 8-க்குக் கீழே இறங்கிவிடும். கண்ணாடியை நீக்கியதோடு, ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழிகளால் நீரின் கழிவை நுரையாக அகற்றும் கருவி) காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிய பிறகுதான் அது நிலைபெற்றது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடியின் அடிப்பக்கத்தில் தெறித்த துளிகள் காய்ந்து, ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையமாகப் படிந்துவிடும். நகத்தால் சுரண்டினாலும் சுண்ணாம்புப் படிவு போகாது, வினிகரில் ஊறவைத்துத்தான் துடைக்க வேண்டும். ஒரு பாதியை மட்டும் துடைத்துவிட்டு மறுபாதியின் கீழுள்ள பவளங்களைப் பார்த்தால், எவ்வளவு வெளிச்சம் வீணாகியிருந்தது என்பது கண்கூடாகத் தெரியும்.

கண்ணாடியை எடுத்தால் தண்ணீர் விரைவாகக் குறையும். இதைச் சிறிய தொல்லையாக எண்ணிவிடக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் நீரில் மூன்று லிட்டர் குறைந்தாலே உப்பளவு 36-ஐத் தாண்டிவிடும். ஆகவே குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அன்று. மிதவை வைத்துத் தானாக நிரப்பும் கருவி இருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். விளிம்புகளில் உப்புப் பூத்து மின் ஒயர்கள் வழியாகப் பரவும் என்பதால், ஒவ்வொரு ஒயரையும் பிளக்குக்குக் கீழே தாழ்ந்து தொங்கும்படி விட்டிருக்கிறேன்.

இப்போது என் தொட்டியின்மேல் இருப்பது வலை மூடி. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கும் கடையிலேயே அலுமினியச் சட்டம் செய்து வாங்கி, சாதாரணக் கொசுவலைக்குப் பதிலாக, சுமார் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள, நிறமற்ற நைலான் வலையைப் பொருத்தினோம். கொசுவலை வெளிச்சத்தை அதிகம் மறைக்கும். இரும்பு வலையை யாரும் நாட வேண்டாம், கடல்நீர் அதை அரித்துவிடும். குழாய்கள் நுழையும் மூலைகளில் இடைவெளி விடாமல் வலையைக் கத்தரித்துப் பொருத்துவதில்தான் முழுக் கவனமும் தேவை, ஏனெனில் துள்ளும் மீன் அந்த ஒரு இடைவெளியைத்தான் கண்டுபிடிக்கும்.

வாஷி உறுப்பினர்:

செம்பூர் நண்பர் சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எங்களிடம் பாம்புபோல் நீண்ட அஞ்சாளை மீன் இருக்கிறது. அது மூக்கால் முட்டி வலைச் சட்டத்தையே தூக்கிவிடும் என்பதால், முன்பாதியில் தடித்த கண்ணாடியையும், பின்பாதியில் கிளிப் போட்டு இறுக்கிய வலையையும் வைத்திருக்கிறோம். கீழே பெரிய சம்ப்பும் (தொட்டி நீர் சுழன்று செல்லும் துணைத் தொட்டி) அதில் ஓயாமல் இயங்கும் ஸ்கிம்மரும் இருப்பதால் நீருக்குத் தேவையான காற்று அங்கேயே கிடைத்துவிடுகிறது. சம்ப் இல்லாத தொட்டியில் இந்த அளவு கண்ணாடியைக்கூட நான் வைக்க மாட்டேன்.