பின்னால் பத்துப் பேர், முன்னால் யாருமில்லை: மலை மைதான அனுபவங்கள்

மஞ்சூர்க்காரன்

ஊட்டியில் நடந்த அந்தக் கால்பந்து ஆட்டத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், ஸ்கோரை நான் சொல்ல வேண்டியதில்லை. தோற்றதுகூட எனக்கு உறுத்தவில்லை. கடைசி இருபது நிமிடம்தான் உறுத்துகிறது.

ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம். இடது ஓரத்தில் ஆடும் பையனை (நம் அணியில் பந்தோடு ஓடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்) பயிற்சியாளர் எழுந்து வரச் சொன்னார். பையன் ஸ்வெட்டரைக் கழற்றினான், காலுறையை இழுத்துவிட்டான், கோட்டருகே போய் நின்றான். அந்த நேரம் பார்த்து எதிரணிக்கு ஒரு கார்னர் (எங்கள் பக்கத்து மூலையிலிருந்து உதைக்கும் வாய்ப்பு). பயிற்சியாளர் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, இன்னொரு பின்கள வீரரை அனுப்பினார். தோற்றுக்கொண்டிருக்கும் அணி ஆறாவது தடுப்பாளரை இறக்குகிறது! பையன் வாய் திறக்கவில்லை. ஸ்வெட்டரை மறுபடி மாட்டிக்கொண்டான், உள்பக்கம் வெளியே தெரியும்படி. பஸ் ஏறும்வரை அதை அவன் கவனிக்கவே இல்லை.

யாரைக் காப்பாற்ற இந்தத் தற்காப்பு? ஒரு கோலில் தோற்றால் மானம் மிஞ்சும், நாலு வாங்கினால் போய்விடும் என்ற கணக்கா? லீக் பட்டியலில் இரண்டுக்கும் புள்ளி பூஜ்யம்தான்.

கூடலூர் இடதுகால்

மஞ்சூர்க்காரரின் கோபம் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாங்கள் முன்னேறி ஆடித்தான் அழிந்தோம். மலப்புரம் பக்கத்துச் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது, ஆளாளுக்குக் கோல் அடிக்க ஆசை. ஜூலை மழையில் எங்கள் மைதானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடுக்களத்தில் ஒரு பாஸ் சேற்றில் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைத் தாண்டி ஓடிவிட்டார்கள். எதிரணி ஆள் ஒருவர் நிதானமாக வந்து பந்தை எடுத்தார். எங்கள் கோல்கீப்பர் எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். அந்த முகத்தைப் பார்த்தவன், தற்காப்பைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டான்.

2004 யூரோ கோப்பையில் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) கிரீஸ் காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக் குடியரசு, இறுதியில் போர்ச்சுகல் என்று மூன்று அணிகளையும் 1-0 என்றே வென்றது. வசதியில்லாத அணிக்கு அதுதான் வழி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். கூடலூர் ஏறக்குறைய அதில் பாதி உயரம். கீழிருந்து வரும் எங்கள் பையன்களுக்கு அரை மணி நேரத்தில் மூச்சு இரைக்கிறது. அவர்களை ஏறி இறங்கி ஓடு என்று சொல்வது எளிது.

தடுப்பில் நிற்பவன்

ஊட்டியில் ஆடிய அந்த ஐந்து தடுப்பாளர்களில் நானும் ஒருவன், அதனால் உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். இடைவேளையில் எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்: "இன்னொன்று வாங்காதீர்கள், போதும்."

இரண்டாம் பாதியில் பந்தை நான் சுத்தமாகப் பறித்தேன். தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், எனக்கு முன்னால் எங்கள் சட்டை ஒன்றுகூட இல்லை. முன்கள வீரர் எனக்குப் பின்னால், எங்கள் பெனால்டி பகுதிக்குள் நிற்கிறார். யாருக்குக் கொடுப்பது? ஓங்கி வெளியே உதைத்தேன். பந்து திரும்பி வந்தது, மறுபடி உதைத்தேன். தடுப்பாளனுக்கு இதைவிட அலுப்பு வேறு இல்லை. கூடலூர் நண்பரே, கிரீஸ் தடுத்தது உண்மை. ஆனால் பந்தைப் பறித்ததும் அதை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு முன்னால் ஆள் இருந்தார். இறுதியில் அவர்களுடைய கரிஸ்டியாஸ் தலையால் அடித்த கோல் ஒரு கார்னரில் வந்தது. எங்களுக்கு அன்று ஒரு கார்னர்கூடக் கிடைக்கவில்லை.

கேத்தி தங்கை

எல்லோரும் ஆட்டமுறையைப் பேசுகிறீர்கள். பதினொரு பேரைத் தேர்வுசெய்வதைப் பேசுங்கள். என் அண்ணன் வேறொரு அணியில் ஆடுகிறான். அணிப் பட்டியலை டீக்கடைக் கதவில் ஒட்டுவார்கள். அன்று அவன் மேலிருந்து கீழே படித்தான், பிறகு கீழிருந்து மேலே படித்தான். பெயர் இல்லை. காரணம் கேட்டால், பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லையாம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வரத்து அதிகமுள்ள நாட்களில் ஷிஃப்ட் முடியவே இருட்டிவிடும், அதன் பிறகு மைதானத்துக்கு பஸ் ஏது? மைதானத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் தினமும் வருகிறார்கள், அவர்களே ஆடுகிறார்கள். வேகமாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களை வெளியே வைத்துவிட்டு, வேகமில்லாத அணிக்கு ஏற்ற மாதிரி பின்னால் போய் நிற்கிறோம். பயம் முதலில் வந்ததா, பட்டியல் முதலில் வந்ததா?

வெலிங்டன் பெரியவர்

தங்கை சொன்னபடி பின்னால் போய் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். மூடுபனி இறங்கிய ஒரு மாலையில், எங்கள் கோல்கீப்பர் எதிர்க் கோல் கம்பம் தெரியாமல் "என்ன ஆயிற்று?" என்று சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல அந்தப் பாதியில் எங்கள் ஆள் இல்லை. அது போகட்டும்.

இளைஞர்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறேன். எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் பதினொரு பேரும் பெனால்டி பகுதிக்குள் ஓடாதீர்கள். வேகமான இருவரை நடுக்கோட்டில் நிறுத்துங்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள எதிரணி மூவரைப் பின்னால் விட வேண்டிவரும். உங்கள் கோல் முன்னால் கூட்டம் தானாகக் குறையும். இதுவும் தற்காப்புதான். அடுத்து, இந்த உயரத்தில் காற்று மெலிந்தது. பின்னாலிருந்து ஓங்கி உதைக்கும் பந்து முன்கள வீரரைத் தாண்டி நேராக எதிர்க் கோல்கீப்பர் கைக்குப் போகும். உங்கள் கோல்கீப்பர் கையால் ஓரத்துக்கு எறியட்டும். மாற்று வீரரை அறுபதாவது நிமிடத்திலேயே இறக்குங்கள், கீழிருந்து வரும் பையன்களுக்கு அதற்குமேல் கால் போகாது. டிராவில் ஒரு புள்ளி, வெற்றியில் மூன்று. மூன்று ஆட்டத்தை டிரா செய்து தேற்றுவதை ஒரே வெற்றியில் எடுக்கலாம்.

தேர்வில் ஒருவரை ஒரே இடத்தில் கட்டிப்போடாதீர்கள். நம் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் ராணுவ அணி 1955, 1958 என இருமுறை நாட்டின் பழைய கால்பந்துப் போட்டியான டியூராண்ட் கோப்பையை வென்றது. அதில் ஆடிய பீட்டர் தங்கராஜ் இங்கே முதலில் முன்கள வீரராக ஆடியவர். கோல் கம்பத்துக்குப் போன பிறகுதான் நாடறிந்த கோல்கீப்பர் ஆனார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியத் தடுப்பாளர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல் போட்டிருந்தது. இந்தியப் பயிற்சியாளர் ரஹீம், அவரை முன்களத்தில் நிறுத்தினார். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார், தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வந்தது.

கூடலூர் இடதுகால்

ஐயா, ரஹீமிடம் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி என்ற பெரிய முன்கள வீரர்கள் இருந்தார்கள். எங்களிடம் சனிக்கிழமை இரவு பிக்கப் ஓட்டிவிட்டு ஞாயிறு காலை மைதானத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் தற்காப்பையே சொல்வேன். ஆனால் கார்னரில் இருவரை மேலே நிறுத்தும் யோசனையை ஏற்கிறேன்.

தடுப்பில் நிற்பவன்

பெரியவரே, கார்னர் விஷயத்தை வெள்ளிக்கிழமை பயிற்சியில் கேட்கப்போகிறேன். மேலே நிற்கும் இருவரில் ஒருவர் மஞ்சூர்க்காரர் சொன்ன அந்தப் பையனாக இருக்க வேண்டும் என்றும் சொல்வேன். கோல்கீப்பர் எறிவதுதான் சிக்கல். எங்கள் ஆளுக்கு வலது தோளில் பிடிப்பு இருக்கிறது, பத்து மீட்டருக்கு மேல் எறிய மாட்டார். பின்களத்திலிருந்து நான் வாங்கிக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன்.