ஊர்ச்சனத்தோடு பொருளாதாரம் கதைக்க ஒருவர் வேண்டும்

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

கிளிநொச்சி, தருமபுரம் பக்கம் எங்கள் வாசிகசாலைக்குப் பொருளாதாரம் படித்த ஒருவரைக் கூப்பிட்டு ஊர்ச்சனத்தோடு கதைக்க வைக்க விரும்புகிறோம். மேடைப் பேச்சு வேண்டாம். பாயில் இருந்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

கேள்விகள் ஏற்கெனவே வந்துவிட்டன. மாமி ஒருவர் 2022இல் சாமான் விலைகளைப் பழைய கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார். அதற்குள் நகை அடகு வைத்த துண்டும் மடித்துக் கிடக்கிறது. "நாடு கடன் கட்ட ஏலாது எண்டா தவணை குடுக்கினம், நான் சொன்னா ஏன் தம்பி குடுக்கினமில்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. 12ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. சரி, இதெல்லாம் அந்த அடகுத் துண்டு வரை எப்படி வந்தது? அதைப் படிப்படியாகச் சொல்லத்தான் ஆள் வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்த கதையும் வேண்டும். அந்தக் காலபோகத்தில் யூரியா இல்லாமல் மஞ்சளாக நின்ற பயிரை இங்கே ஒருவரும் மறக்கவில்லை.

யாழ்ப்பாணம், வவுனியா பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கிறவர்கள், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள் யாரையும் தெரிந்தால் சொல்லுங்கோ. தமிழில் கதைக்க வேண்டும், அது முக்கியம். போக்குவரத்தும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. வர முடியாதென்றால் சூமிலும் செய்யலாம். ஞாயிறு பின்னேரம் நல்லது, அரிவி வெட்டு தொடங்க முன்னம் என்றால்தான் சனம் வரும்.