சொந்தமாக அச்சிடும் நினைவுக் குறிப்பை பெங்களூரில் எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி – தங்கவயல்காரன்:
கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் குடியிருப்பில் வளர்ந்த நாள்களையும், 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்த தலைமுறையையும் பற்றி எழுதியுள்ள நூலை, பதிப்பகம் எதையும் நாடாமல் நானே வெளியிட இருக்கிறேன். ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) பெறுவது எப்படி, வாசகரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் – அல்சூர் வாசகி:
ஐயா, ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கட்டணமின்றி வழங்குகிறது, நூலாசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் நூல் வெளியான 30 நாள்களுக்குள் உங்கள் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாக அச்சிடுவோர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

பதில் – சிவாஜிநகர்:
அட்டைப்படத்தை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வாழ்த்துகள் குவியும், நூல் விற்காது. அதற்குப் பதிலாக, ஷிப்டு மாறும் வேளையில் தந்தை சுரங்கக் கூண்டில் இறங்கும் காட்சி போன்ற ஒரு முழுப் பக்கத்தைப் பகிருங்கள். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் வெளியீடு நடத்துவது நன்று. ஆனால் பொன்னாடைகளிலேயே (அந்த வழக்கம் நம்மை விடாது) மாலை முழுவதும் கரைந்துவிடும். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலும் ஒரு கூட்டம் வையுங்கள், உண்மையான வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பதில் – அல்சூர் வாசகி:
இன்னொன்று: அண்டை வீட்டாரின் உண்மைப் பெயர்களை எழுதியிருந்தால், அச்சுக்குப் போகுமுன் அவர்களிடம் ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.