குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் காப்பகத்துக்கு வந்த பின்: சில அனுபவங்கள்

ஆற்றுப்படுத்துநர், இராமநாதபுரம்:
காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரிடமும் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சோர்ந்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கக்கூடிய 5 நாள்களும் முடிந்து காப்பகத்துக்கு வரும் பெண்ணிடம், பதிவேட்டுக்காக மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்வது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். முந்தைய அறிக்கையை வாங்கிப் படித்துக்கொள்ள நமக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா, துணிப்பையை மடியில் வைத்தபடி வாசலைப் பார்த்தே அமர்ந்திருப்பார். இரவில் வெளிக்கதவின் தாழ்ப்பாள் அசைந்தால்கூட எழுந்துவிடுவார். எது கேட்டாலும் "நீங்க சொல்றபடியே செய்யுறேன்" என்பதுதான் பதில். பணிவு என்று சிலர் இதைப் பாராட்டினார்கள். எனக்கோ அது அடிக்குப் பயந்து பழகிய நாக்காகத் தெரிந்தது. ஆகவே வழக்கைப் பற்றிப் பேசாமல், எந்தக் கட்டில் வேண்டும், விளக்கை அணைக்கலாமா என்று அவரே முடிவு செய்யக்கூடியவற்றை மட்டும் கேட்டுவந்தேன். ஒரு நாள் மதியம் சூடைமீன் குழம்பை ஒரு வாய் வைத்தவர், "இதுல புளி பத்தலையே" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். சமையல்காரம்மாவுக்கு மிகுந்த வருத்தம். எனக்கு மட்டும் ஒரே மகிழ்ச்சி.

கடல்பாசி எடுக்கும் பெண், மண்டபம் பக்கம்:
காப்பகத்திலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உறவினர்கள் வரிசையாக வந்து, பிள்ளைகளுக்காக அனுசரித்துப் போகச் சொன்னார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடையால் விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில் காசில்லை, அந்த எரிச்சலில்தான் கணவன் அடித்தான் என்று அவனுக்காக நியாயமும் பேசினார்கள். அதே தடைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் மற்ற ஆண்கள் எல்லாரும் வீட்டில் கை நீட்டுகிறார்களா என்ன? நாங்கள் எதையும் விசாரிக்காமல் பாசி எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். கையில் துணி சுற்றி, முகக்கண்ணாடி மாட்டி இடுப்பளவு நீரில் இறங்கியபின், யாருக்கு எவ்வளவு பாசி கிடைத்தது என்பதைத் தவிர வேறு பேச்சு எழவில்லை. கூலியை அவருடைய வங்கிக் கணக்கிலேயே போடச் செய்தோம்.

வழக்கறிஞர், இராமநாதபுரம்:
தூக்கமின்மைக்கு மாத்திரை கேட்ட ஒருவரிடம் பேசியபோது, வீட்டை விட்டு வந்ததால் வீட்டின் மீதான உரிமையே போய்விட்டது என்ற அச்சம் அவரை அரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமையை 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தருகிறது என்பதையும், வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் விளக்கினேன். உடனே அவர் கேட்டது, மகனின் பள்ளிப் புத்தகங்களை எடுத்துவர யாரைத் துணைக்கு அழைத்துப் போகலாம் என்பதைத்தான்.

ஆற்றுப்படுத்துநர், இராமநாதபுரம்:
பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுத்தால் காவல் துணையுடன் ஏற்பாடு செய்வார். தனியே அனுப்ப வேண்டாம். அந்தப் பையனையும் உடன் அனுப்ப வேண்டாம்.