பென்ஸ் 300டி (டபிள்யூ123) ஆட்டோமேட்டிக்: 2-லிருந்து 3-க்கு மாறும்போது ஸ்லிப், கியர் பெட்டியை இறக்கணுமா?

பழையபென்ஸ்:

வணக்கம். வண்டி 1983 மெர்சிடிஸ் 300டி, டர்போ இல்லாத ஓஎம்617 எஞ்சின், 722.3 நாலு கியர் ஆட்டோமேட்டிக்.

எஞ்சின் சூடானதும் 2-லிருந்து 3-க்கு மாறுற இடத்துல ஒரு நொடி சும்மா ரேஸ் ஏறிட்டு, அப்புறம் வழுக்கிக்கிட்டே கியர் பிடிக்குது. மிதமா மிதிச்சு ஓட்டும்போதுதான் ரொம்பத் தெரியுது. 1-2 மாறுறதும் கொஞ்சம் மந்தம். டி போட்டாலும் ஆர் போட்டாலும் உடனே பிடிச்சுக்குது, ரிவர்ஸ்ல ஸ்லிப் இல்ல. ஆயில் காலையில எஞ்சின் ஆஃப்ல பார்த்தேன், மேல் கோடு வரைக்கும் இருக்கு. நிறம் சிவப்புதான், கருகின வாடை இல்ல.

கிளட்ச் தட்டு தேஞ்சிருச்சு, பெட்டியை இறக்கித்தான் ஆகணும்னு மெக்கானிக் சொல்றார். அதுக்கு முன்னாடி வெளியிலேயே பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கா?

ஸ்பேனர்17:

இருக்கு. முதல்ல அந்த ஆயில் அளவை மறந்துடுங்க. எஞ்சின் ஆஃப்ல பார்க்கிற அளவுக்கு அர்த்தமே கிடையாது. எஞ்சின் நின்னதும் டார்க் கன்வெர்ட்டர்ல (எஞ்சின் சக்தியை ஆயில் வழியா பெட்டிக்குக் கடத்துற பாகம்) இருக்கிற ஆயில் கொஞ்சம் கொஞ்சமா சம்புக்கு (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) இறங்கிடும். பெட்டியில ஆயில் கம்மியா இருந்தாலும் கம்பியில மேல் கோடு காட்டும்.

சரியான முறை: 20 கிலோமீட்டராவது ஓட்டி, ஆயில் 80 டிகிரி பக்கம் சூடாகணும். சமதளத்துல நிறுத்தி பி-ல போட்டு, எஞ்சின் ஐடில்ல ஓடிட்டு இருக்கும்போதே பாருங்க. டிப்ஸ்டிக் தலையில இருக்கிற லீவரைத் தூக்கினாத்தான் கம்பி வெளியே வரும். துடைக்கிற துணியில பஞ்சோ நூலோ உதிரக் கூடாது. ஒரு நூல் உள்ளே போனா வால்வ் பாடியில (ஆயில் பிரஷரை கியர்களுக்குப் பிரிச்சு அனுப்புற பாகம்) எங்கேயாவது சிக்கிக்கும். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவுல வெறும் 0.3 லிட்டர்தான். அதனால 100 மில்லி, 100 மில்லியா ஊத்திப் பாருங்க. ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்ல டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை போதும். அளவு மீறினா சுத்துற பாகங்கள் ஆயிலைக் கடைஞ்சு நுரையாக்கிடும், நுரையில பிரஷர் நிக்காது. அதுவும் ஸ்லிப்லதான் கொண்டுபோய் விடும்.

டீசல்பெட்டி:

ஆயில் சரியானதும் அடுத்து வேக்குவம், அதாவது உறிஞ்சு அழுத்தம். நல்ல பெட்டிகள் அநியாயமா இறக்கப்படுறது இந்த இடத்துலதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

பெட்ரோல் எஞ்சின்ல இன்டேக்லயே வேக்குவம் கிடைக்கும். டீசல்ல த்ராட்டில் கிடையாது, அதனால எஞ்சின் முன்பக்கம் தனியா ஒரு வேக்குவம் பம்ப். அது கொடுக்கிறதை இன்ஜெக்‌ஷன் பம்ப் மேல இருக்கிற கன்ட்ரோல் வால்வ் ஆக்சிலேட்டருக்குத் தக்க குறைச்சு, கியர் பெட்டி மாடுலேட்டருக்கு (வேக்குவத்தை வச்சு பெட்டியோட ஆயில் பிரஷரை ஏத்தி இறக்குற பாகம்) அனுப்புது. ஐடில்ல வேக்குவம் அதிகம், முழுசா மிதிச்சா ஏறக்குறைய பூஜ்யம். மாடுலேட்டர்ல வேக்குவம் அதிகமானா உள்ளே பிரஷர் குறையும், கியர் மெத்துனு மாறும். வேக்குவம் குறைஞ்சா பிரஷர் ஏறும், இடிச்சு மாறும்.

பலரும் தலைகீழா நினைக்கிறது இதைத்தான். ஹோஸ்ல லீக் இருந்தா ஸ்லிப் வராது, இடிதான் வரும். உங்களுக்கு வர்ற மாதிரி ரேஸ் ஏறுதுன்னா, மிதிக்கும்போது குறைய வேண்டிய வேக்குவம் குறையாம நிக்குதான்னு பார்க்கணும்.

சோதனை சுலபம். மாடுலேட்டர்ல இருந்து வேக்குவம் ஹோஸைக் கழட்டி, ஹோஸ் வாயை ஒரு போல்ட் வச்சு இறுக்கமா அடைச்சிடுங்க. அடைக்காம விட்டா பிரேக் பூஸ்டர், சென்ட்ரல் லாக், எஞ்சினை ஆஃப் பண்ற வேக்குவம் எல்லாம் பாதிக்கும்; இந்த வண்டியில எல்லாத்துக்கும் அந்த ஒரே பம்ப்தான். அப்புறம் அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க. கியர் வெடுக்வெடுக்னு மாறும், பயப்பட வேண்டாம். 2-3-ல ரேஸ் ஏறாம கப்புனு பிடிச்சா தட்டு நல்லாத்தான் இருக்கு, கோளாறு வெளியில. முழு பிரஷர் கொடுத்தும் வழுக்கினாத்தான் உள்வேலை.

கழட்டும்போது ஹோஸ் உள்ளே ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சுருட்டி விட்டுப் பாருங்க. சிவப்பா ஈரம் வந்தா மாடுலேட்டர் உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) கிழிஞ்சிருக்கு. வேக்குவம் பம்ப், கியர் ஆயிலை உறிஞ்சி எஞ்சின் ஆயிலுக்குள்ள தள்ளிட்டே இருக்கும். கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லாம கியர் ஆயில் குறையுறதும், எஞ்சின் ஆயில் ஏறுறதும் அதோட அடையாளம்.

கிளட்ச்பேக்:

ஒருவேளை உள்வேலைன்னே முடிவானாலும், எந்தப் பாகம்னு அறிகுறியை வச்சே ஓரளவு சொல்லிடலாம்.

பெட்டிக்குள்ள பி-ன்னா பிரேக், கே-ன்னா கிளட்ச். இந்தப் பெட்டியில 1, 2, 3 மூணு கியருக்கும் பி2 பேண்ட் (பிரேக் பட்டை) பிடிச்சிருக்கணும். 3-லயும் 4-லயும் கே1 கிளட்ச் வேலை செய்யும், 4-ல கே2-ம் சேரும். ரிவர்ஸுக்கு பி3. 2-3-ல மட்டும் வழுக்கினா சந்தேகம் கே1 மேல, 3-4-ல மட்டும்னா கே2. ரிவர்ஸ் மட்டும் தாமதமா பிடிச்சா பி3. காலையில குளிர்ல டி போட்டா வண்டி நகராம, ஆர்ல நல்லா போய், சூடானதும் டி சரியாகிடுச்சுன்னா அது பி2 பிஸ்டன் சீல். அதைப் பெட்டியை இறக்காமலே வெளியிலிருந்து கவரைக் கழட்டி மாத்தலாம். உங்களுக்கு டி உடனே பிடிக்குது, அதனால பி2 பக்கம் போக வேண்டாம்.

இன்னொண்ணு, இன்ஜெக்‌ஷன் பம்ப் லிங்கேஜ்ல இருந்து பெட்டிக்குப் போற பௌடன் கேபிள் (ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிச்சிருக்குன்னு பெட்டிக்குக் காட்டுற கம்பி). முனையில இருக்கிற பிளாஸ்டிக் கிண்ணம் உடைஞ்சு கழண்டு தொங்கினா கியர் எல்லாம் சீக்கிரமே மாறி, மந்தமா பிடிக்கும். கழட்டி லேசா எதிர்ப்பு தெரியிற வரை இழுங்க. அந்த நிலையில கிண்ணம் உருண்டை மேல இழுபடாம, தளராம உட்காரணும்.

ஸ்டால் டெஸ்ட் (பிரேக்கை மிதிச்சு டி-ல போட்டு ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கிறது) பண்ணிப் பார்க்கச் சொல்லி யாராவது சொன்னா இப்போதைக்கு வேண்டாம். ஏற்கனவே வழுக்குற தட்டை அஞ்சே நொடியில கருக்கிடும்.

பழையபென்ஸ்:

எல்லாம் பார்த்துட்டேன். சூடா, எஞ்சின் ஓடும்போது பார்த்தா கீழ்க் கோட்டுக்கும் கீழே. அரை லிட்டர் ஊத்தினதும் கோடுகளுக்கு நடுவுல வந்துச்சு. 1-2 மந்தம் போயிடுச்சு, 2-3 ஸ்லிப் பாதியா குறைஞ்சுது. ஹோஸைக் கழட்டி அடைச்சு ஓட்டினேன், 2-3 கப்புனு பிடிக்குது, ரேஸ் ஏறவே இல்ல. ஹோஸ் உள்ளே காஞ்சிருக்கு. கேபிள் கிண்ணம் முழுசா இருக்கு, தளர்வும் இல்ல.

டீசல்பெட்டி:

அப்போ பெட்டியை இறக்க வேண்டாம். மாடுலேட்டர் ஹோஸ்ல ஒரு டி கனெக்டர் போட்டு வேக்குவம் கேஜ் மாட்டுங்க. எஞ்சின் ஐடில்ல ஓடும்போது ஆக்சிலேட்டர் லிங்கேஜைக் கையால மெதுவா நகர்த்துங்க. முள் தடுமாறாம இறங்கிட்டே வந்து, கடைசியில பூஜ்யத்தைத் தொடணும். பாதியில நின்னாலோ, இறங்கவே இல்லைன்னாலோ கன்ட்ரோல் வால்வோட குச்சி கழண்டிருக்கு, இல்லைன்னா வால்வ் தேஞ்சிருக்கு. முள் ஒழுங்கா இறங்குது, ஆனா லேட்டா இறங்குதுன்னா வால்வோட ஸ்க்ரூவைத் தளர்த்தி லேசா திருப்பி சரி பண்ணலாம். மாடுலேட்டர் மேல ரப்பர் மூடிக்குள்ள ஒரு டி வடிவப் பிடி இருக்கு, அது கடைசி. வலப்பக்கம் திருப்பினா பிரஷர் ஏறும். ஒரு தடவைக்கு அரைச் சுத்துக்கு மேல வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாருங்க. வேக்குவம் கோளாறை மறைக்க இதைத் திருப்பினா மத்த கியரெல்லாம் இடிக்க ஆரம்பிச்சிடும்.

ஸ்பேனர்17:

அந்த அரை லிட்டர் எங்கே போச்சுன்னும் கண்டுபிடிங்க. ஹோஸ் காஞ்சிருக்கிறதால மாடுலேட்டர் வழியா போகல. சம்ப் கேஸ்கெட், பின்பக்க சீல், ரேடியேட்டருக்குப் போற கூலர் ஹோஸ் மூணையும் துடைச்சு வச்சுட்டு மறுநாள் பாருங்க. கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறதால கூலன்ட் மூடியையும் ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க, எஞ்சின் ஆறின பிறகு. எண்ணெய் மிதந்தாலோ, கியர் ஆயில் ரோஸ் கலர்ல பால் மாதிரி இருந்தாலோ வண்டியை ஸ்டார்ட்கூட பண்ணாதீங்க. கூலன்ட் பட்டா தட்டுல ஒட்டியிருக்கிற லைனிங் பசை இளகி உரிஞ்சிடும்.

அது இல்லைன்னா ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடுங்க. சம்பை மட்டும் வடிச்சா பழசுல ஒரு பகுதி கன்வெர்ட்டர்லயே தங்கிடும். 27 சாக்கெட் போட்டு கிராங்கை ஓடுற திசையிலேயே திருப்பினா, பெல் ஹவுசிங் அடியில இருக்கிற திறப்புல கன்வெர்ட்டர் பிளக் வரும். சம்ப் பிளக், கன்வெர்ட்டர் பிளக் ரெண்டுக்கும் 5 ஆலன் கீ. மாட்டும்போது பிளக்குக்கு 14 நியூட்டன் மீட்டர், சம்ப் போல்ட்டுக்கு 8, அதுக்கு மேல முறுக்கினா அலுமினிய மரை போயிடும். முதல்ல 4 லிட்டர் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி, ஐடில்ல ஓடும்போதே மீதியை ஊத்துங்க. மொத்தம் ஆறு லிட்டர் பக்கம் பிடிக்கும்.

சம்ப் அடியில சாம்பல் நிறத்துல மாவு மாதிரி படிஞ்சிருந்தா அது சாதாரணத் தேய்மானம். மினுமினுக்கிற பித்தளைத் துகளோ, கறுப்புச் செதிளோ கிடந்தா படம் எடுத்து இங்கே போடுங்க.